ஆண்கள் பக்கம் உருண்ட பத்து ரூபாய்

நெல்லை, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள் பலவற்றில் இன்றைக்கும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். (நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். சர்ச் என்பது சென்னைக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த வார்த்தை.) இதில் யாருக்கு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பால் புட்டி, மாற்றுத் துணி, பாமாலைப் புத்தகம், மூன்று வயதுப் பெரியவன், எட்டு மாதச் சின்னவள் அத்தனையும் என் பக்கம். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் சட்டை மடிப்புக் கலையாமல் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் போதகரை ஐயர் என்போம். மத்தியானச் சாப்பாட்டில் மாமா, "இன்னைக்கு ஐயர் என்ன சொன்னாரு?" என்று கேட்டால் மூன்று பாயிண்டையும் வரிசையாக ஒப்பிப்பார். என்னைக் கேட்டால் வராந்தாவில் எத்தனை தூண் என்று சொல்லுவேன்.

போன மாதம் திருவிருந்து ஆராதனை. அதுவே நீளம். பாவ அறிக்கைக்கு முன்னால் எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக இருந்த நேரம், காணிக்கைக்கென்று கொடுத்திருந்த பத்து ரூபாய்க் காசைப் பெரியவன் நழுவவிட்டான். மொசைக் தரை வேறு. அது கிணுகிணுவென்று நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் உருள, இவனும் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து பின்னாலேயே போய்விட்டான். முன் வரிசைப் பாட்டி திரும்பி, "புள்ளைய அடக்கத் தெரியாதா?" என்றார். என் இடுப்பில் சின்னவள், தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். யாரை அடக்க?

காசு நின்றது அவன் அப்பா செருப்பைக் கழற்றிப்போட்டிருந்த இடத்தில். வேறு வழியில்லாமல் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த தாத்தா ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்து நீட்டினார். அவ்வளவுதான், ஆராதனை முடியும்வரை அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சின்னவளும் தோளில் தூங்கிப்போனாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டேன். சுமாராகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

தூத்துக்குடியிலிருந்து:

அக்கா, தூண் கணக்கைப் படித்துச் சிரித்துவிட்டேன். நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). எங்களுக்குப் பூசையில் கண்டம் எழுந்தேற்ற நேரத்தில்தான். அப்பம் உயர்த்தும்போது சின்ன மணி அடிப்பார்கள் இல்லையா, கோயிலே மூச்சுவிடாமல் முழந்தாளில் இருக்கும். எங்கள் தெருவில் குல்ஃபி வண்டிக்காரர் அடிப்பதும் கிட்டத்தட்ட அதே மணி. என் மகள் எழுந்து நின்று, "அம்மா, குல்ஃபி!" என்று கத்தினாள். பாடகர் குழுவில் இருந்த பையன்கள் தோள் குலுங்கக் குனிந்துகொண்டார்கள்.

அழுகிற பிள்ளையை வெளியே கொண்டுபோ என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது திருத்தந்தை பிரான்சிஸே, பசித்து அழுகிற பிள்ளைக்கு அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். அதை எடுத்துச் சொன்னேன். "அது ரோம்ல" என்று பதில் வந்தது.

மதுரை, ஓர் அப்பா:

நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. டிரம்ஸ், கீபோர்டு, கைத்தட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் ஜமுக்காளத்தில் பையன் அசந்து தூங்குவான். பாஸ்டர் குரலைத் தாழ்த்தினால் போச்சு, எழுந்துவிடுவான். அதனால் எங்கள் வரிசையில் உள்ளவர்கள் மட்டும் அந்த நேரத்தில் கொஞ்சம் சத்தமாகவே அல்லேலூயா சொல்கிறோம்.

நெல்லை அம்மா மறுபடியும்:

அதற்கு அடுத்த வாரம் பெரியவன் வாசலிலேயே என் கையை விட்டுவிட்டு ஆண்கள் பக்கம் நடந்தான். மிட்டாய்த் தாத்தாவுக்காகத்தான், அப்பாவுக்காக இல்லை. மத்தியானம் மாமா வழக்கம்போலக் கேட்டார். இவர் முதல் பாயிண்டைச் சொல்லி நிறுத்தினார். "அப்புறம்?" "அப்புறம் இவனை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்ப்பா." மீதி இரண்டையும் நான் சொன்னேன்.