மறு: அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதற்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்குத் தில்லியிலிருந்து வணக்கம்.

இந்த இழையில் ‘ஸ்விட்ச் ஓவர்’ (அனலாக் ஒளிபரப்பிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிச்செல்வது), ‘ஸ்விட்ச் ஆஃப்’ (பழைய அனலாக்கை அடியோடு மூடுவது) இரண்டுக்கும் ‘டிஜிட்டல் மாற்றம்’ என்ற ஒரே சொல் போதும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னது சில ஆண்டுகள் நடக்கும் வேலை. பின்னது ஒரு நாள், பெரும்பாலும் ஒரு நள்ளிரவு. வளரும் நாடுகள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, முன்னது முடிவதற்குள் பின்னதற்கு நாள் குறித்ததால் வந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் அந்தப் பாட்டைத் தமிழில் எழுதவே வழியில்லாமல் போய்விடும்.

கென்யாவை எடுத்துக்கொள்வோம். 2015 பிப்ரவரியில் நைரோபியில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, டிஜிட்டல் சமிக்ஞையை யார் சுமந்து செல்வது என்பதில் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பெரிய தனியார் தொலைக்காட்சிகளுக்கும் இடையிலான தகராறு தீர்ந்திருக்கவில்லை. அந்த நான்கு தனியார் தொலைக்காட்சிகளும் ஏறத்தாழ மூன்று வாரம் எங்கும் தெரியாமல் போயின. தான்சானியாவில் தார் எஸ் சலாமின் அனலாக் 2012 டிசம்பர் 31 நள்ளிரவில் நின்றது. மற்ற நகரங்களுக்குத் தனித்தனி நாள். ஆக, ஒரு நாட்டில் மாறிச்செல்லும் பணி ஒன்றே, நிறுத்தங்கள் பல. ‘தான்சானியாவில் டிஜிட்டல் மாற்றம் எப்போது நடந்தது?’ என்று ஒருவர் கேட்டால், ‘மாற்றம்’ என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதற்கு எப்படி விடை சொல்வது?

நம் ஊர்க் கதை இன்னும் சிக்கலானது. தில்லியில் 2012 அக்டோபர் 31 அன்று நின்றது கேபிள்வழி அனலாக். 2011ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சித் திருத்தச் சட்டம் டிஜிட்டலுக்கு மாறும்படி கேபிளைத்தான் கட்டாயப்படுத்தியது. நான் குடியிருக்கும் மயூர் விகாரில், ஒரே கேபிள் கம்பியைப் பிரித்துக் கூடத்துப் பெட்டிக்கு ஒன்றும் உள்ளறைப் பெட்டிக்கு ஒன்றுமாகக் கொடுத்திருந்த வீடுகளே மிகுதி. அன்று முதல் பெட்டிக்கொரு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்றாயிற்று. பல வீடுகளில் கூடத்தில் படம் வந்தது. உள்ளறையில், வயதானவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பழைய பெட்டி இருண்டது. அந்த வீட்டுக்காரரிடம் ‘உங்கள் வீடு டிஜிட்டலுக்கு மாறிவிட்டதா?’ என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

அதே நேரத்தில் தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் (கூரை ஆண்டெனாவில் பிடிப்பது) எந்தத் தடையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. அது மூடப்பட்டது பல ஆண்டுகள் கழித்து. முக்கியமான இடங்களில் உள்ள ஏறத்தாழ 50 பரப்பிகளைத் (டிரான்ஸ்மிட்டர்களை) தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடப்போவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தபோது, அதற்குள் எல்லாரும் கேபிளுக்கோ குடை ஆண்டெனாவுக்கோ போய்விட்டிருந்ததால், பெரிய சலசலப்பும் எழவில்லை. கேபிளில் சென்னைக்கும் அதே 2012 அக்டோபர்தான் கெடு; வழக்குகளில் அது நழுவிக்கொண்டே போய், அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். இத்தனையும் நாளிதழ்களில் ‘டிஜிட்டல் மயமாக்கம்’ என்ற ஒரே தலைப்பில் வந்தன. எனவே எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் அதன் முன்னால் ‘கேபிள்வழி’ அல்லது ‘தரைவழி’ என்ற அடை தவறாமல் வரவேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இனி, முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

‘அனலாக் அணைப்பு’ என்று மாதுங்கா அன்பர் எழுதியது இயல்பாகவே இருக்கிறது. டிவியை அணை என்றுதான் வீட்டில் சொல்கிறோம். ஆனால் ‘நள்ளிரவில் நாடெங்கும் அணைப்பு’ என்று ஒரு தலைப்பை நினைத்துப் பாருங்கள், ஆசிரியர் குழுவில் ஒருவரும் அதை அனுமதிக்க மாட்டார். ‘ஒழிப்பு’ வேண்டாம்: ஜமீன்தாரி ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு என்று தீமைகளோடு பழகிய சொல் அது, அனலாக் அப்படி ஒரு பாவமும் செய்யவில்லை. ‘நிறைவு’ அழகானதுதான், ஆனால் வானொலியில் இரவுதோறும் ‘இத்துடன் ஒலிபரப்பு நிறைவடைகிறது’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அது மறுநாள் காலை மீண்டும் தொடங்கும் என்ற பொருளைத்தான் தரும். வெறும் ‘நிறுத்தம்’ என்பதற்கும் அதே குறை. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம், மின்நிறுத்தம் எல்லாமே இடைக்காலத்தவை. ‘அனலாக் நிறுத்தம்’ என்றால் பழுதுபார்க்க நிறுத்தியிருக்கிறார்கள் போலும் என்றே ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே என் முன்மொழிவு ‘முற்றுநிறுத்தம்’. முற்றுப்புள்ளியில் உள்ள முற்று, எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பொருந்தும். மாறிச்செல்லும் நீண்ட பணிக்கு ‘முறைமாற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘முறைப்பெயர்வு’ என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஈழத்து அன்பர்களுக்குப் ‘பெயர்வு’ என்றாலே போர்க்கால இடப்பெயர்வுதான் நினைவுக்கு வரும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். டிஜிட்டலுக்கு எண்மமா, இலக்கமுறையா, சிங்கப்பூரார் எழுதும் மின்னிலக்கமா என்ற பழைய வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம். மூன்றில் எதை வைத்தாலும் மேற்சொன்ன இரு சொற்களும் நிற்கும்.

இரண்டு முறைகளும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ‘இருமுறை ஒளிபரப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மறுஒளிபரப்பு என்றே படிப்பார்கள். ‘இணையோட்டம்’, ‘இணையோட்டக் காலம்’ என்பவை பொருத்தமாகப்படுகின்றன. அகில இந்திய வானொலி 30க்கும் மேற்பட்ட மத்திய அலைப் பரப்பிகளை டிஜிட்டலுக்கு ஏற்றவையாக ஆக்கி, ஒரே பரப்பியிலிருந்து அனலாக்கையும் டிஜிட்டலையும் ஒருசேர அனுப்பியிருக்கிறது. அது இணையோட்டத்தின் நேரடி எடுத்துக்காட்டு. இணையோட்டம் நீண்டால் நிலையத்துக்கு இரட்டை மின்கட்டணம், குறுகினால் பார்வையாளருக்கு இருட்டு. தாய்லாந்து 2014இல் வீடுகளுக்குச் செட்டாப் பாக்ஸ் வாங்க 690 பாட் மதிப்புள்ள கூப்பன் அனுப்பியது இந்தக் காலத்தைச் சுருக்கத்தான்.

முன்மடல் ஒன்றில் ‘2015 ஜூன் 17க்குள் எல்லா நாடுகளும் அனலாக்கை மூடியாக வேண்டும் என்பது ஐ.நா. ஒப்பந்தம்’ என்று இருந்தது. 2006இல் ஜெனீவாவில் முடிவான அந்த உடன்பாடு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகியவற்றுக்கு உரியது. இந்தியாவையோ இலங்கையையோ மலேசியாவையோ அது கட்டுப்படுத்தாது. மலேசியா 2019 அக்டோபர் 31 அன்றுதான் தன் முற்றுநிறுத்தத்தை முடித்தது. மேலும், 2015 ஜூன் 17க்குப் பிறகு அண்டை நாட்டு டிஜிட்டல் பரப்பியின் இடையூறிலிருந்து உங்கள் அனலாக் பரப்பிக்குப் பாதுகாப்புக் கோர முடியாது என்பதுதான் அதன் சாரம். ஒரு பகுதி வளரும் நாடுகளுக்கு, குறைந்த அதிர்வெண் பட்டையில், இந்தப் பாதுகாப்பு 2020 ஜூன் வரை நீண்டது. ஆகவே அதை ‘முற்றுநிறுத்த நாள்’ என்று எழுதுவது பிழை. ‘காப்புக்கெடு’ என்று தனியாக ஒரு சொல் வைக்கலாம் என்று தோன்றுகிறது. வேறு யோசனை உள்ளவர்கள் எழுதுங்கள்.

கடைசியாக ‘டிஜிட்டல் டிவிடெண்ட்’. ஒரு அனலாக் சேனல் பிடித்துக்கொள்ளும் 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் இன்றைய தரைவழி டிஜிட்டல் முறையில் சாதாரணத் தெளிவுள்ள 10 சேனல்களை அனுப்ப முடிவதால் விடுபடும் அலைக்கற்றை அது. ‘எண்ம ஈவு’ என்றால் பங்குதாரர்களுக்கு யாரோ பிரித்துக் கொடுத்தது போல இருக்கிறது. நடந்தது ஏலம்: இங்கே 700 மெகாஹெர்ட்ஸ் கற்றை 2016இல் ஒருவராலும் வாங்கப்படாமல் கிடந்து, 2022இல் ஜியோவிடம் போனது. செட்டாப் பாக்ஸுக்குக் காசு கொடுத்தவருக்கு அதில் ஈவு ஒன்றும் வரவில்லை. ‘மிச்ச அலைக்கற்றை’ என்பேன். மிச்சம் பிடித்தது, மிஞ்சியது என்ற இரு பொருளும் அதில் உண்டு. அலைக்கற்றை என்ற சொல்லை 2ஜி வழக்கு ஏற்கெனவே டீக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

அகராதிக் கோப்பில் சேர்க்க ஒரு மாதிரி வாக்கியம்: ‘தரைவழி முறைமாற்றம் தொடங்கி, இணையோட்டக் காலம் முடிந்தபின், மண்டலவாரியாக முற்றுநிறுத்தம் நடைபெறும்.’ பெங்களூரில் கேபிள் தொழிலில் இருக்கும் இரு அன்பர்கள் இக்குழுமத்தில் உண்டு. 2013 மார்ச் 31 கெடுவின்போது உங்கள் ஆட்கள் வாடிக்கையாளரிடம் கேபிள்வழி அனலாக் நிற்பதை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்று எழுதினால், கோப்பை மூடுவதற்கு முன் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.