சிகரட்டைக் கைவிட மின்சிகரட்: பழகிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஈஸ்ட் ஹாம், இலண்டனிலிருந்து:

இருபத்தாறு வருடம் நாளொன்றுக்கு ஒரு பெட்டி என்று புகைத்தவன் நான். 2024 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு புகைத்ததுதான் கடைசிச் சிகரட். அதை விடுவதற்கு மின்சிகரட், அதாவது இங்கே எல்லோரும் வேப் என்று சொல்லும் சாதனம், எனக்கு உதவியது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் அதே வகைச் சாதனத்தை ஏழு மாதம் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தும் ஒரு பயனும் கிடைக்கவில்லை. இரண்டு தடவைக்கும் இடையில் என்ன மாறியது என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன். "வேப்பும் பாவித்துப் பார்த்தேன், சரிவரவில்லை" என்று சொல்லும் நம்மவர்களில் பலர் என்னுடைய முதல் தடவையோடு நின்றுவிட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

நான் வேலை செய்வது ஒரு சிறிய பலசரக்குக் கடையில். காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் சிகரட் அலுமாரி இருக்கிறது. 2015 ஏப்ரலிலிருந்து சிறிய கடைகளிலும் அதை மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்க வருபவரின் கண்ணில் அது படாது. ஆனால் நாள் முழுக்க அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவன் நான். வீட்டு வழியிலும் புகையிலை எனக்கு அந்நியமானதல்ல. யாழ்ப்பாணத்தில் அம்மப்பா திண்ணையில் இருந்து சுருட்டுச் சுற்றியவர். பதப்படுத்திய புகையிலையின் வாசம் இன்றும் எனக்கு அவருடைய வாசம்தான்.

முதல் தடவை, கடையில் விற்ற ஒருமுறை பாவித்து எறியும் வேப் ஒன்றை நானே எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கடைக்குள் நிற்கும்போது வேப், பின்பக்கம் போனால் சிகரட் என்று பழகினேன். இருபது எட்டாகக் குறைந்தது. வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பிறகு இருமல் நீடித்ததால் வைத்தியரிடம் போக, அவர் எங்கள் பகுதியின் புகைத்தல் கைவிடும் சேவைக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆலோசகர் உள்ளங்கை அளவான ஒரு கருவியைத் தந்து, மூச்சைப் பதினைந்து விநாடி அடக்கிவைத்து மெதுவாக ஊதச் சொன்னார். மூச்சிலுள்ள கார்பன் மொனொக்சைட்டை அளக்கும் கருவி அது. பத்து இலட்சத்தில் 19 பங்கு என்று காட்டியது. புகைக்காத ஒருவருக்கு அது வழக்கமாக ஐந்துக்குள் நிற்கும். "நாளுக்கு எட்டுத்தானே புகைக்கிறேன்" என்றேன். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் ஒவ்வொரு சிகரட்டையும் ஆழமாக இழுத்து, அடிக்கட்டை வரைக்கும் விடாமல் புகைத்து, குறைந்துபோன நிக்கொட்டினை, அதாவது புகையிலையில் அடிமையாக்கும் பொருளை, ஈடுசெய்துகொள்வார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏனென்றால் அடிக்கட்டை வரை இழுத்தது உண்மை.

இங்கேதான் விஷயம் எனக்குப் புரிந்தது. தாரும் கார்பன் மொனொக்சைட்டும் புகையிலை எரிவதால் வருபவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை. நிக்கொட்டின் கலந்த திரவம் சூடாகி ஆவியாகிறது. ஆகவே எரிகிற சிகரட் முழுவதுமாக நின்றால் மட்டுமே வேப்பினால் உடம்புக்கு இலாபம். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பவனுக்கு எட்டுச் சிகரட்டின் தீங்கு அப்படியே இருக்கும், கூடவே ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது தடவைக்கு ஒரு நாளைக் குறித்தோம். பத்து இலட்சம் பேருக்கு வேப் தொகுப்பும் ஆலோசனையும் தருவதாக இங்கிலாந்து அரசு 2023 ஏப்ரலில் அறிவித்திருந்தது. எனக்கும் மீள நிரப்பக்கூடிய ஒரு சிறிய சாதனம் இலவசமாகக் கிடைத்தது. திரவத்தின் அளவு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின். இந்த நாட்டில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். குறைந்த அளவு நல்லது என்று நினைத்து 3 மில்லிகிராமில் தொடங்கும் ஒரு பெட்டிக்காரன் மூன்றாம் நாளே கடைக்குப் போய்விடுவான் என்று ஆலோசகர் சொன்னார். இழுக்கும் முறையும் வேறு. சிகரட்டைப் போலச் சட்டென்று உறிஞ்சினால் இருமல்தான் வரும். மூன்று நான்கு விநாடி மெதுவாக இழுக்க வேண்டும்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது பயன்படும். உள்ளே இருக்கும் சிறிய கம்பிச் சுருளைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். புதுச் சுருளைப் போட்டால் திரவத்தை நிரப்பிவிட்டு, பஞ்சு ஊறுவதற்குப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலை, கடையில் பால் வண்டி வந்து நிற்கும் அவசரத்தில், சுருளை மாற்றி உடனே இழுத்தேன். காய்ந்த பஞ்சு கருகிய புகை தொண்டையில் இறங்கியது. கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே என் கை அலுமாரிக் கதவைத் தொட்டுவிட்டது. பால்காரர் "என்ன அண்ணை, சுகமில்லையா?" என்று கேட்டிராவிட்டால் அன்று ஒரு பெட்டி உடைந்திருக்கும். அதன்பிறகு ஊறவைத்த சுருளோடு இரண்டாவது சாதனம் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருந்தேன்.

நித்திரையும் சில வாரம் குழம்பியது. நிக்கொட்டினைத்தான் குறை சொன்னேன். ஆனால் புகையிலுள்ள சில இரசாயனங்கள் ஈரலை வேகப்படுத்தி, தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை விரைவாகக் கழித்துவிடுகின்றனவாம். புகை நின்றதும் அதே தேநீர் உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. நாளுக்கு எட்டுக் கோப்பை சாயத் தேநீரை நான்காக்கிய பிறகு நித்திரை திரும்பியது. இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவையும் வைத்தியர் மாற்ற வேண்டிவரும். மனநோய்க்கான குளோசபைன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் எடுப்பவர்கள் சிகரட்டை நிறுத்தப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் முடிந்து ஊதியபோது கருவி 2 என்று காட்டியது. அந்த எண்ணைத் தொலைபேசியில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இங்கிலாந்தின் இதே சேவைகளை நாடிய 886 பேரைக் கொண்டு நடந்தது. ஒரு வருட முடிவில் வேப் பெற்றவர்களில் 18 சதவீதத்தினரும், தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பேட்ச், நிக்கொட்டின் சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினரும் சிகரட் இல்லாமல் இருந்தார்கள். ஏறக்குறைய இரு மடங்கு என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் வேப் பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் சிகரட்டை விடவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. அதோடு இரு பிரிவினருக்கும் குறைந்தது நான்கு வாரம் நேரடி ஆலோசனையும் கிடைத்தது. கடையில் வேப் வாங்கிப் போகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. விற்கிறவன் என்ற முறையில் அது எனக்கு நன்றாகவே தெரியும்.

லெஸ்டரிலிருந்து:

அண்ணா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் கதை வேறு மாதிரி முடிந்தது.

பல்கலைக்கழகக் காலத்தில் தொடங்கி பதினான்கு வருடம் மறைவாகவே புகைத்தேன். எங்கள் சமூகத்தில் ஆண் புகைத்தால் அறிவுரை கிடைக்கும், பெண் புகைத்தால் பேச்சுத்தான் கிடைக்கும். ஆகவே உதவி கேட்டுப் போவதே எனக்குப் பெரிய தடையாக இருந்தது. வேப் வந்ததும் பெரிய விடுதலை போல இருந்தது, ஏனென்றால் உடுப்பில் மணமில்லை, சாம்பலில்லை, யாருக்கும் தெரியாது. சிகரட் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. ஆனால் சிகரட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து தீர்ந்ததும் உள்ளே வந்துவிடுவோம். வேப்புக்கு அந்த முடிவு இல்லை. கண் விழித்ததும் தலையணைக்குக் கீழே கை போகும், சமையலறையிலும் குளியலறையிலும் அது கூடவே வரும். முன்பு புகைத்த காலத்தைவிட அதிக நிக்கொட்டின் உள்ளே போயிருக்கும் என்றே நம்புகிறேன். இரவில் நெஞ்சு படபடத்தது.

ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளை விற்பது 2025 ஜூன் 1 முதல் இங்கே தடைசெய்யப்பட்டபோது, வேறு சாதனத்துக்கு மாறுவதற்குப் பதிலாக மருந்தகத்தில் ஒரு பெண் மருந்தாளரிடம் தனியாகக் கதைத்தேன். நாள் முழுவதற்கும் ஒரு பேட்ச், தாங்க முடியாத வேளைக்கு வாயில் அடிக்கும் ஸ்பிரே என்று இரண்டையும் சேர்த்துத் தந்தார். பன்னிரண்டு வாரத்தில் இரண்டும் முடிந்தன. எனக்குச் சிகரட்டை நிறுத்தியது வேப் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அண்ணா ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டார்: வேப்பை நீங்கள் எப்படி விட்டீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து:

இங்கே நிலைமையே வேறு. இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆன தடையின்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அப்படியிருந்தும் நண்பர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கித் தந்த சாதனத்தை நான்கு வாரம் பயன்படுத்தினேன். அதன் உறையில் நிகோடின் அளவு எழுதப்படவில்லை, என்ன கலந்திருக்கிறது என்று கேட்க ஆளும் இல்லை. லண்டன் சகோதரர் 20 மில்லிகிராம் என்று உறுதியாக எழுதுவதைப் படிக்கும்போது, எனக்கு இல்லாமல் போனது அந்த உறுதிதான் என்று தோன்றுகிறது. ஒரு நாள் தலைசுற்றி வாந்தி எடுத்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

பிறகு மருத்துவர் எழுதித் தந்த 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம்மில் தொடங்கினேன். மிட்டாய் போல விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். காரம் ஏறும் வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கும் பேசினேன். பதினோரு மாதமாகப் புகைக்கவில்லை. இங்கே இருப்பவர்கள் வேப்புக்காக ஆள் தேடி அலைய வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

மீண்டும் ஈஸ்ட் ஹாமிலிருந்து:

தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. நான் குறிப்பிட்ட அதே ஆய்வில், ஒரு வருடம் சிகரட் இல்லாமல் இருந்தவர்களில் வேப் பிரிவில் 80 சதவீதத்தினர் அப்போதும் வேப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் பேட்ச் போன்றவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. நானும் அந்த எண்பதில் ஒருவனாகத்தான் ஒரு வருடத்தைத் தாண்டினேன். அவசரப்பட்டு வேப்பை நிறுத்தி மறுபடி சிகரட்டுக்குப் போய்விடக்கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்ததால் 20இலிருந்து 10, பிறகு 5, பிறகு 3 என்று மாதக்கணக்கில் இறங்கினேன். கடையில் உதவிக்கு நிற்கும் மகள் ஒரு நாள், தன் வகுப்புப் பிள்ளைகளின் பைகளிலும் இதே நிறத்தில் வேப் இருக்கிறது என்று சொன்னாள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க முடியாது என்று அவளுக்கே சட்டம் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றிலிருந்து அவள் பார்க்க அதை வெளியில் எடுக்கவில்லை.

சென்ற வருடம் ஜூலையில் மருமகளின் கலியாணத்துக்காகச் சிங்கப்பூர் போனோம். அங்கே 2018 பெப்ரவரி 1 முதல் வேப்பை வைத்திருப்பதே குற்றம். சாதனத்தை வீட்டு மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டு, நிக்கொட்டின் சூப்பும் வில்லைகள் ஒரு பெட்டியோடு விமானம் ஏறினேன். பன்னிரண்டு நாளில் ஏழு வில்லை முடிந்திருந்தது. வீடு திரும்பி இலாச்சியைத் திறந்தபோது பற்றரி இறந்து கிடந்தது. மின்னூட்டக் கம்பியைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப வைத்தேன்.

வேப் விற்கும் கடைகள் பழைய சாதனங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்பது இங்குள்ள விதி. எங்கள் கடையிலும் வாசலுக்குப் பக்கத்தில் அதற்கென ஒரு பெட்டி இருக்கிறது. மறுநாள் காலை கடை திறந்ததும் அதற்குள் போட்டேன்.