சின்னத் திடல், 500 பேர் கேலரி: எந்தப் பக்கம் கட்டுவது, படி எவ்வளவு உயரம்?

செம்மண்திடல்:
காரைக்குடி பக்கம் ஒரு ஊர்ப் பொதுத் திடல். வடக்கு தெற்காக 118 மீட்டர், கிழக்கு மேற்காக 82 மீட்டர். கிழக்கே ஊருணி, மேற்கே ரோடு, ரோட்டோரம் வரிசையாக வேப்பமரம். மண், சரளை கலந்த செம்மண். போட்டிகள் எல்லாம் சாயங்காலம் நாலு, நாலரைக்குத்தான் ஆரம்பிக்கும். 500 பேர் உட்காருகிற மாதிரி நிரந்தரக் கேலரி கட்ட ஊரில் முடிவாகியிருக்கிறது. ஊருணிக் கரை ஏற்கெனவே மேடாக இருப்பதால் அதிலேயே படி வெட்டினால் செலவு மிச்சம் என்கிறார்கள் சிலர். பந்தாட்டத் திடலைச் சுற்றி 400 மீட்டர் ஓட்டப்பாதை போட்டு, அதற்கு வெளியே கேலரி வைக்கலாம் என்று இன்னொரு யோசனை. படி ஒரு அடி உயரம் போதும் என்கிறார் கொத்தனார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கார்னர்கொடி:
ஓட்டப்பாதையை முதலில் கைவிடுங்கள் தம்பி. எட்டுத் தடமுள்ள 400 மீட்டர் பாதைக்கே ஏறக்குறைய 177 × 93 மீட்டர் வேண்டும், உங்கள் இடத்தில் அடங்காது. இடம் இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைக் கத்திக் கூப்பிடுவது காதில் விழணும், ஷூ பந்தில் படுகிற சத்தம் கேட்கணும். சின்னத் திடலுக்கு உள்ள சொத்தே அதுதான். ஓட்டப்பாதை போட்டால் கேலரி தள்ளிப் போய், அது போய்விடும். ஸ்பெயினில் ஐபார் என்கிற சிற்றூர் அணி 2014 முதல் 2021 வரை முதல் டிவிஷனில் ஆடியது, சுமார் 8,000 பேர் மட்டுமே கொள்ளும் இபுரூவா திடலில். இங்கிலாந்தில் லூட்டன் அணியின் கெனில்வொர்த் ரோடு திடலில் ஒரு வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே புகுந்துதான் போகிறது. 2023-24இல் பிரீமியர் லீக் ஆட்டங்களே அங்கே நடந்தன.

நாலு பக்கமும் கேலரி இருந்தால்தான் ஸ்டேடியம் என்பதும் இல்லை. போர்ச்சுகலில் பிராகா நகராட்சித் திடலை ஒரு கல் குவாரியில் கட்டினார்கள். பக்கவாட்டில் மட்டும் இரண்டு கேலரி, ஒரு கோலுக்குப் பின்னால் வெறும் பாறை. உங்களுக்கு ஒரே ஒரு பக்கம் போதும், அது மேற்குப் பக்கம். ஊருணிக் கரையில் உட்கார்ந்தால் ஆட்டம் முழுக்க மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும். மேற்கே உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால், வேப்பமர நிழலும் கிடைக்கும். தவிர, தண்ணீர் நிற்கிற கரையை வெட்டிப் படி செய்வது கரை உடைய வழி பண்ணுவது.

அளவு: ஆடுகளம் 100 × 64. கோல்களுக்குப் பின்னால் 9 மீட்டர் வீதம் மிஞ்சும், வலை கட்ட அது போதும். கிழக்கே 5 மீட்டர் விட்டு, ஊருணி ஓரமாக 5, 6 மீட்டர் உயரத்துக்கு வலை. மேற்கே 13 மீட்டர் கிடைக்கிறது. பக்கக் கோட்டிலிருந்து முதல் வரிசைக்காரர் கண்வரை 5 மீட்டர், ஆறு வரிசைக்கு 4.8, பின்னால் நடக்க 3 மீட்டர் சொச்சம்.

இனி படி. முதல் தட்டு தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், உட்கார்ந்தவர் கண் தட்டிலிருந்து 1.2 மீட்டர், தட்டு அகலம் 80 செ.மீ. என்று வையுங்கள். பின்வரிசைக்காரர் பக்கக் கோட்டைப் பார்க்கும்போது அந்தப் பார்வை முன்னால் இருப்பவர் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதுதான் கணக்கு. வடிவமைப்பாளர்கள் சி-வேல்யூ என்பார்கள். 9 செ.மீ. இருந்தால் நல்லது, 6க்குக் கீழே போகக் கூடாது. கொத்தனார் சொல்லும் ஒரு அடி, அதாவது 30 செ.மீ. படியில் இரண்டாம் வரிசைக்குக் கிடைப்பது 1 செ.மீ.தான்! 35 வைத்தால் 5. 40 வைத்தால் ஒன்பதரை. மேலே போகப் போக இது குறையும்: 40 செ.மீ. படியிலேயே ஐந்தாம் வரிசைக்கு 6.8, ஆறாம் வரிசைக்கு 6.2, ஏழாவதில் 6க்குக் கீழே. அதனால் ஆறு வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்னால் பைப் வேலி, கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி. அதன் உயரம் 1 மீட்டரைத் தாண்டினால் முதல் வரிசைக்குக் கோடு மறையும். மாற்று ஆட்டக்காரர் பெஞ்சுகளைக் கிழக்கே போடுங்கள். மேற்கே போட்டால் பயிற்சியாளர் எழுந்து நிற்பார், மறைக்குது என்று கேலரியே சத்தம் போடும்.

ரசமட்டம்:
கார்னர்கொடி கணக்குச் சரி. கட்டும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

நீளம் 46.8 மீட்டர் வையுங்கள்: 14 மீட்டரில் மூன்று பிளாக், இரண்டு கடைசியிலும் நடுவிலுமாக 1.2 மீட்டர் அகலத்தில் நாலு நடைபாதை. ஆளுக்கு 50 செ.மீ. என்றால் பிளாக்கில் வரிசைக்கு 28 பேர், மொத்தம் 504. இரு பக்கமும் வழி இருந்தாலும் ஒரு வரிசையில் 28க்கு மேல் வேண்டாம் என்பது விளையாட்டுத் திடல் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நூலின் வரம்பு. நடைபாதையில் 40 செ.மீ. ஏறச் சொல்லாதீர்கள், நடுவில் 20 செ.மீ.க்கு ஒரு அரைப்படி வேண்டும். வயசானவர்கள் இடறி விழுவது அங்கேதான்.

உள்ளே முழுக்க மண் நிரப்பிக் கட்டுங்கள். அடியில் காலி இடம் விடக் கூடாது. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மரக் கேலரிக்கு அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்த குப்பையில் நெருப்புப் பிடித்து 56 பேர் இறந்தார்கள். காலி இடம் இருந்தால் நம் ஊரிலும் காகிதக் கப், வைக்கோல், பழைய பந்தல் கீற்று எல்லாம் உள்ளே போய்விடும்.

கேலரியின் மொத்தக் கன அளவு, சுவரையும் சேர்த்து ஏறக்குறைய 360 கன மீட்டர் வரும். லாரியில் வருவது உதிரி மண் என்பதால் கால் பங்கு கூடுதலாகக் கேளுங்கள். சரளைச் செம்மண்தான் வேண்டும். ஊருணியில் தூர் எடுத்த வண்டலைக் கொட்டினால் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும், ஒரே வருஷத்தில் படி சாயும். 20 செ.மீ. கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதற்குப் பிறகுதான் அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டுவதுதான் நடக்கும், பக்கத்தில் ஆள் நிற்கணும்.

பின்சுவர் 2.6 மீட்டர் மண்ணைத் தாங்குவது. செம்புறாங்கல்லில் கட்டினால் அடி அகலம் 1.3 மீட்டருக்குக் குறையவே கூடாது. கூட்டத்தின் பாரமும் சேரும், சதுர மீட்டருக்கு 500 கிலோ எடுத்துப் பொறியாளரிடம் கணக்கு வாங்குங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிகால் துளை, அதற்குப் பின்னால் ஜல்லி. தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் சுவர் வெளியே தள்ளும். உச்சியில் 1.1 மீட்டர் கைப்பிடி.

தட்டுக்கு மேலே சொரசொரப்பான கான்கிரீட், முன்பக்கம் 1 செ.மீ. வாட்டம். யாராவது ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசைப்படுவார்கள். அந்தப் பளபளப்பு முற்றத்துக்கு அழகு, நனைந்த படியில் கால் வழுக்கும்.

செம்மண்திடல்:
ரொம்ப நன்றிண்ணே. கூரை போடலாமா? இந்த வருஷப் போட்டிக்கு மட்டும் சவுக்குக் கட்டையில் தற்காலிகக் கேலரி கட்டினால்?

கார்னர்கொடி:
கூரை இப்போது வேண்டாம், மரம் இருக்கிறதே. பிறகு போட்டாலும் பின் மூன்று வரிசைக்கு மட்டும், தூண் எல்லாம் பின்சுவரோடு. முன்னால் தூண் நட்டால் யாருக்காவது ஒரு கோல் மறையும். பின்பக்கத்தைத் தகரத்தால் அடைத்துவிடாமல் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடணும், அடைத்தால் முன்னாலிருந்து வரும் காற்று உள்ளே சிக்கித் தகரத்தைத் தூக்கும். 2018 நவம்பர் கஜா புயலை நம் பக்கம் மறந்திருக்க மாட்டார்கள்.

சவுக்குக் கேலரி நின்ற பாரத்தில் விழுவதைவிட ஆடி அசைந்து விழுவதே அதிகம். கோல் விழுந்ததும் எல்லாரும் ஒன்றாகக் குதிப்பார்கள், கட்டை பக்கவாட்டில் சாயும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறுக்குக் கட்டை கட்டாத கேலரியில் ஆளை ஏற்றாதீர்கள். கட்டைக்கு அடியில் பலகை வையுங்கள், ஈர மண்ணில் இறங்காது. கயிறு காய்ந்தால் தளரும், ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் முடிச்சை இழுத்துப் பாருங்கள். மூன்று, நாலு வரிசைக்கு மேல் வேண்டாம்.

ரசமட்டம்:
ஒன்று விட்டுப்போச்சு. ஆடுகளத்துக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுங்கள், நடுக்கோடு 32 செ.மீ. உயரும். கிழக்கே வடிவது ஊருணிக்கு. மேற்கே வடிவதற்குக் கேலரிக்கு முன்னால் ஒரு கால்வாய், வடக்கே சுற்றி ஊருணியில் சேரட்டும். இந்த வேலையை முதலில் முடித்து, பக்கக் கோட்டு மட்டம் நிலைத்த பிறகு அங்கிருந்து ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துக் கேலரி உயரங்களைக் குறியுங்கள். தையில் தொடங்கினால் மழைக்கு முன்னால் அருகம்புல்லும் பிடித்துவிடும்.