“பரீட்சைக்கு வருமா?” என்று மட்டும் கேட்கும் வயது

கேள்வி: செம்பூர்த் தாய்

என் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். ஏழு வயதில் அவனை மும்பையின் ஹார்பர் லைன் ரயிலில் அழைத்துச் சென்றால், மேலே போகும் கம்பியில் மின்சாரம் இருக்கும்போது அதன்மேல் உட்காரும் காக்கை ஏன் சாவதில்லை என்று தொடங்கி, வடாலா வருவதற்குள் பத்துக் கேள்விகளாவது கேட்டுவிடுவான். இப்போது அவனிடம் மிஞ்சியிருப்பது ஒரே கேள்விதான்: “இது பரீட்சைக்கு வருமா?” வராது என்றால் புத்தகத்தை மூடிவிடுகிறான். தொண்ணூறு விழுக்காடு வாங்கினால் கைபேசி வாங்கித் தருவதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுப்பதற்குக் காரணம் சொல்லவும் தெரியவில்லை. வயது ஏற ஏறப் படிப்பில் ஆர்வம் குறைவது இயல்புதானா, அல்லது நாங்கள் எங்கேனும் தவறிவிட்டோமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, தாராவி

உங்கள் மகனிடம் குறையொன்றும் இல்லை, அம்மா. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றியவள் நான். முதல் வகுப்பில் “யார் பாடுகிறீர்கள்?” என்று கேட்டால், பாட்டே தெரியாத பிள்ளையும் கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறிவிடும். அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் கையை உயர்த்தும் முன் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். பாதி உயர்ந்த கை தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

சிறு பிள்ளைக்கு முயற்சியும் திறமையும் ஒன்றுதான்; அதிகம் பாடுபட்டவனே கெட்டிக்காரன். பத்து, பன்னிரண்டு வயதில் இவை இரண்டும் தனித்தனியாகத் தெரியத் தொடங்குகின்றன. ஒரே மதிப்பெண்ணைக் கஷ்டப்பட்டு வாங்கியவனைவிட, படிக்காமலே வாங்கியவன்தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் மனத்தில் ஏறிவிடுகிறது. அதன்பின் முயன்று தோற்பதைவிட முயலாமல் தோற்பதே கௌரவமாகப் படுகிறது. எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்போடு தமிழ்வழி முடிந்துவிடும். எங்களிடம் கணக்கில் முதலாவதாக இருந்த பிள்ளைகள்கூட, வேறு மொழிவழிப் பள்ளிக்குப் போனதும் வாயடைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துவிட்டது என்று வீட்டார் வந்து சொல்வார்கள். எல்லோர் முன்னும் விடை தெரியாமல் நிற்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் வெறுத்தார்கள்.

பதில்: கல்வி உளவியல் கற்பிப்பவர், முலுண்ட்

ஆசிரியை அம்மா சொன்னதை ஆய்வுகளிலும் காண்கிறோம். உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அமெரிக்க மாணவர்களிடையே, படிப்பின்மீதே உள்ள விருப்பம் வகுப்பு உயர உயரக் குறைவாகவே இருந்தது. மதிப்பெண்ணுக்காகவும் ஆசிரியரின் பாராட்டுக்காகவும் படிக்கும் நோக்கத்தில் அவ்வளவு வேறுபாடு இல்லை. இதற்கு வயதை மட்டும் காரணமாக்கக் கூடாது என்று இன்னொரு உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸ் வாதிட்டார். தானே முடிவெடுக்க வேண்டும் என்ற ஆசை வளரும் பருவத்தில்தான் பள்ளி கட்டுப்பாட்டைக் கூட்டுகிறது. பிறரோடு ஒப்பிட்டுக் கூசும் பருவத்தில்தான் தரவரிசையும் கூடுகிறது. நம் ஊரில் இதோடு, பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி. தேர்வை எண்ணி எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் மாலை நேர டியூஷன் கிளாஸும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் மகனுடைய நாளில் அவனே தேர்ந்தெடுக்கும் மணி நேரம் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கைபேசி விஷயத்துக்கு வருகிறேன். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட சோதனையில், வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. எனவே பிடிக்காத வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யப் பரிசு தருவதால் பெரிய நட்டம் வந்துவிடாது. அவனுக்கு எதில் விருப்பம் இன்னும் மிச்சமிருக்கிறதோ, அதற்கு மட்டும் விலை வைத்துவிடாதீர்கள்.

பதில்: இரவுப் பள்ளி ஆசிரியர், சயான்

வயது ஏற ஏற ஆர்வம் தேய்ந்துகொண்டே போகும் என்பதை நான் ஒப்பமாட்டேன். என் வகுப்பில் தோல்பை தைக்கும் பட்டறையிலிருந்து நேரே வரும் ஒரு பெண்மணி இருக்கிறார். முப்பத்தெட்டு வயது, விரல் நுனிகளில் பசை காய்ந்திருக்கும். வட்டிக் கணக்கு நடத்திய அன்று, பையிலிருந்து நகைக்கடன் ரசீதை எடுத்து மேசையில் விரித்து, “இதையே போட்டுக் காட்டுங்க சார்” என்றார். மூன்று முறை புரியவில்லை என்றார், மூன்று முறையும் கூச்சமின்றி மறுபடி கேட்டார். அதே அறையில் இருக்கும் பதினாறு வயதுப் பையன்கள் ஒருமுறைகூடக் கேட்பதில்லை; புரிந்ததுபோல் தலையாட்டிவிடுகிறார்கள். பெரியவர்களிலும் பாதியில் நின்றுபோகிறவர்கள் உண்டு, ஆனால் நான் பார்த்தவரை சலிப்பில் நின்றவர்கள் சிலரே. ஓவர்டைம் வந்து நின்றவர்களே அதிகம்.

சகோதரி, உங்கள் மகன் யாரும் சொல்லாமலே எதைச் செய்கிறான் என்பதை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்.

செம்பூர்த் தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்டதற்கு விடை என் வீட்டுப் பால்கனியிலேயே இருந்தது. பழுதான மேசை விசிறியைக் கழற்றி, செய்தித்தாளின்மேல் திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறான், பத்து நாளாக. பெருக்குவதற்கு இடைஞ்சல் என்று நான்தான் தினமும் கடிந்துகொண்டிருந்தேன். கைபேசி பற்றிக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்கிறார் கணவர், அதுவும் நியாயமே. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கிளாஸை விட்டுவிடலாம், எந்த இரண்டு நாள் என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்பதற்கு ஒப்புக்கொண்டார். அவனிடம் கேட்டோம். யோசித்து நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.