டாவோவில் மட்டினாவா, பஹாடாவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸின் டாவோ நகருக்குப் போகிறாள். கல்லூரி பஹாடா பகுதியில், ஜே.பி. லாரல் அவென்யூ பக்கம். வாடகைக்கு அறை கிடைத்திருப்பதோ மட்டினாவில், மெக்ஆர்தர் நெடுஞ்சாலையை ஒட்டி.

வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பொப்லாசியோன், அக்டாவ், புஹாங்கின், தலோமோ, டோரில் என்று மொத்தம் 11 மாவட்டங்கள், அவற்றுக்குள் 182 பரங்காய்கள். பரங்காய் என்றால் நம்மூர் வார்டு மாதிரி என்று புரிந்துகொண்டேன், சரிதானே? மட்டினா தலோமோ மாவட்டத்தில், பஹாடா பொப்லாசியோனில்.

என் கவலை இதுதான்: மட்டினாவிலிருந்து பங்கெரோஹான் சந்தைப் பக்கமாக ஊரின் நடுவைக் கடந்துதான் பஹாடா போக வேண்டும் போலிருக்கிறது. காலை 7 மணி வகுப்புக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஒரே ஜீப்னியில் (அங்கே ஓடும் ஷேர் வண்டி) போய்விடலாமா, மாறி ஏறணுமா? முகப்பில் என்ன பெயர்ப்பலகை பார்த்து ஏற வேண்டும்?

அப்புறம், விமான நிலையம் இருக்கும் புஹாங்கின் பக்கம் பெண் பிள்ளைகள் தங்க அறை கிடைக்குமா? அங்கே படித்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது சொன்னால் முன்பணம் கொடுப்பதற்குள் முடிவு செய்துவிடுவேன்.