தேர்தல் முடிவு மனதை உடைத்த பிறகு சபையில் என்ன செய்வது? அனுபவப் பகிர்வு

கிராமச் சேகர ஆயர்:

வாக்கு எண்ணிக்கை முடிந்து வரும் முதல் ஞாயிறுதான் கடினமானது. ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவரும் தோற்ற கட்சிக்குப் போட்டவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதை மறந்து பிரசங்க பீடத்தில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் எடுத்த எடுப்பிலேயே ரோமர் 13-ஐ வாசித்து, எல்லா அதிகாரமும் தேவனால் உண்டானது, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். பயத்தோடு வந்தவருக்கு அழக்கூட இடமில்லாமல் போகிறது. வேறு சிலர் முடிவைத் தேவகோபம் என்றும் கடைசிக்காலம் என்றும் அறிவித்துவிடுகிறார்கள். ஓட்டு எண்ணிக்கையில் தேவனுடைய தீர்ப்பை வாசிக்க நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

பலன் தரும் முறை இது. பொது ஜெபத்துக்கு முன் 13-ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசியுங்கள். ஆறே வசனம்தான். "எதுவரைக்கும்" என்ற கேள்வியில் தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. வாசித்ததும் இரண்டு நிமிடம் மௌனம். அதை விளக்க வேண்டாம். பிறகு 1 தீமோத்தேயு 2 சொல்கிறபடி மன்றாட்டு: ஜெயித்தவர், தோற்றவர், ஆட்சியர், காவல்துறையினர் எல்லாருக்காகவும், பதவியைச் சொல்லி, பெயரைச் சொல்லி. "கர்த்தாவே, இவர்கள் கண்களைத் திறந்தருளும்" என்று தொடங்கும் ஜெபம் கேட்பவர் காதில் திட்டாகத்தான் விழும். "நீதியாய்த் தீர்ப்புச் செய்யும் ஞானம் தாரும்" என்று கேட்டாலே போதும்.

இன்னொன்று. இன்ன கட்சி ஜெயிக்கும் என்று தீர்க்கதரிசனம் சொன்னவர் இருந்தால், அது நடக்கவில்லை என்பதை அதே சபை முன்பாகவே சொல்லியாக வேண்டும். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று உபாகமம் 18:22 தெளிவாகச் சொல்கிறது. "ஆவிக்குரிய அர்த்தத்தில் நிறைவேறிவிட்டது" என்று பூசி மெழுகினால் வாலிபர்கள் அரசியலை விட்டுப் போவதில்லை, சபையை விட்டுத்தான் போகிறார்கள்.

வழக்கறிஞர், சபை மூப்பர்:

சட்டக் கோடுகளைச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்துதல் தடுப்புச் சட்டப்படி, ஆலய வளாகத்தை அரசியல் பிரச்சாரத்துக்கு விடுவது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மதத்தைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்டாலோ அவர் சம்மதத்தோடு வேறொருவர் கேட்டாலோ, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி முறைகேடு. வாக்காளரின் மதமும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. நியாயவிலைக்கடைக்கும் குடிநீருக்கும் மனு எழுதுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குடிமக்களின் உரிமை.

முடிவிலேயே மோசடி என்று நம்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட 45 நாள்தான் கெடு. வேட்பாளரோ அந்தத் தொகுதி வாக்காளரோ போடலாம், முன்வைப்புத் தொகை 2,000 ரூபாய். இந்த மனுக்களில் பல விழுவது எங்கே தெரியுமா? விதிமீறல் நடந்ததைக் காட்டுவார்கள், அது முடிவை மாற்றியது என்பதைக் காட்ட மாட்டார்கள்.

பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தவர்களை அந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் தகுதி நாட்கள். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடியும் அதே கதைதான்.

தலித் கிறிஸ்தவர் உரிமைப் பணியில் இருப்பவர்:

ஏமாற்றம் என்றால் ஒரு தேர்தல் மட்டும் இல்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் வெளியேதான். 1985-இல் உச்ச நீதிமன்றம் முடித்த சூசை வழக்கைப் பாருங்கள். தெருவோரம் செருப்புத் தைக்கும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வரிதான் நமக்கு வேலைப்பட்டியல். தனிக் கல்லறை, தனி வரிசை, தேர்ப்பவனி வராத தெரு: இவற்றை ஊர், தேதி, புகைப்படம், இரண்டு பேர் கையொப்பத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஆலயத்துக்குள் நடப்பதை எழுத வெட்கப்பட்டு மறைக்கிற சபை, தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழக சட்டமன்றம், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவருக்கும் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. நல்லதுதான். ஆனால் ஆணையைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. மனு போகவேண்டிய இடம் டெல்லி.

வேகமாக மாறியதும் உண்டு. தமிழகத்தில் 2002 அக்டோபரில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி 39 தொகுதியையும் இழந்த 2004 மே மாதமே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே எந்தத் தோல்வியையும் முடிவான தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

வெற்றியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2007-இல் தமிழகத்தில் கிறிஸ்தவருக்கு 3.5 சதவீதத் தனி இட ஒதுக்கீடு வந்தபோது நன்றி ஆராதனை நடத்தாத குறைதான். சேர்க்கைப் பட்டியலை எண்ணிப் பார்த்தபோது, பொதுப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் அதைவிட அதிக இடம் கிடைத்துவந்தது தெரிந்தது. திருச்சபைத் தலைவர்களே கேட்டு 2008-இல் அதை விலக்கிக்கொள்ளச் செய்தார்கள். எண்ணிப் பார்த்தவர்களின் துணிச்சல் அது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெண்கள் ஐக்கியச் செயலாளர்:

சபை வாட்ஸ்அப் குழுவில் முடிவு வந்த 48 மணி நேரத்துக்கு அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். அந்த இரண்டு நாளில்தான் உறவுகள் முறிகின்றன. யாரையும் நீக்க வேண்டாம்; நீக்கப்பட்ட அக்கா ஆராதனைக்கும் வருவதை நிறுத்திவிடுவார்.

வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்ட வீட்டுக்கு அந்த வாரம் கட்டாயம் போய் வாருங்கள். பேச்சு அரசியலுக்கு வந்தால், "உங்களுக்கு எது பயமா இருந்தது, எது நம்பிக்கையா இருந்தது?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். பதில் வாதம் வேண்டாம்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள். கல்லறைத் தோட்டப் பாதை, தெருவிளக்கு என்று ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக்கொண்டு போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.