டேபிளில் வார எண்ணா, திங்கட்கிழமைத் தேதியா?

அட்டவணை_அண்ணாச்சி
வாராந்திர விற்பனை டேபிளில் வார எண்ணை வைக்காதீங்க, வாரம் தொடங்கும் திங்கட்கிழமைத் தேதியை வைங்க. ஏன்னு 2024-ஐ வச்சே காட்டறேன். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஆண்டைத் தனியா, ஐஎஸ்ஓ வாரத்தை (திங்களில் தொடங்கற சர்வதேச வார முறை) தனியா எடுத்து ஒட்டினா, ஜனவரி 1 "2024-01" ஆகுது. டிசம்பர் 30 திங்கள். ஐஎஸ்ஓ கணக்கில் அடுத்த ஆண்டின் முதல் வாரம். ஆனா காலண்டர் ஆண்டு 2024, அதனால அதுவும் "2024-01". ஜனவரியின் 7 நாளோடு டிசம்பர் 30, 31 போய் ஒட்டிக்கிட்டு 9 நாள் வாரம்! 2025 ஜனவரியில் "2025-01"-க்கு 5 நாள்தான் மிச்சம். எரர் வராது, மொத்தக் கூட்டுத்தொகையும் சரியா இருக்கும். அதனால யார் கண்ணிலும் படாது.

கிழமைக்கணக்கு
அது வார எண்ணோட குத்தமா, ஒட்டினவர் குத்தமா? ஐஎஸ்ஓ வாரத்துக்குன்னு தனி ஆண்டு இருக்கு: அந்த வாரத்து வியாழன் எந்த ஆண்டில் விழுதோ அதுதான். மைஎஸ்க்யூஎல்லில் ஆண்டையும் வாரத்தையும் சேர்த்துத் தர்ற இயர்வீக் ஃபங்ஷனுக்கு மோட் 3 (ஐஎஸ்ஓ முறை) கொடுங்க, டிசம்பர் 30-க்கு 202501-னு சரியா வரும். மோட் கொடுக்காம விட்டா 0, அதாவது ஞாயிறு தொடக்கம். வழுக்கறது அங்கதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இயர் எடுக்காம ஐஎஸ்ஓஇயர் எடுக்கணும். பைத்தானில் ஐஎஸ்ஓகேலண்டர் ஆண்டு, வாரம், கிழமை மூணையும் சேர்த்தே தருது.

அட்டவணை_அண்ணாச்சி
சரி, அந்த 202501-லிருந்து 1 கழிங்க. 202500! அப்படி ஒரு வாரமே கிடையாது. முந்தைய வாரம் 202452. "01 வந்தா 52"-னு கோடில் எழுதிட்டா 2027 ஜனவரியில் மாட்டுவீங்க: 2026 வியாழனில் தொடங்கற ஆண்டு, 53 வாரம். தேதியா இருந்தா 7 நாள் கழிச்சா முடிஞ்சது.

நள்ளிரவு_கிரான்
ரெண்டு பேரும் ஜாவாவை விட்டுட்டீங்க. தேதி ஃபார்மட்டில் சின்ன ஒய் நாலு போடற இடத்தில் பெரிய ஒய் நாலு போட்டா வார ஆண்டு வந்துடும். வருஷம் முழுக்க ஒழுங்கா ஓடி, ஆண்டு மாறற வாரத்தில்தான் பல்லைக் காட்டும். லோகேல் (எந்த நாட்டு வழக்கம்னு சொல்ற செட்டிங்) அமெரிக்காவா இருந்தா 2024 டிசம்பர் 29 ஞாயிறே 2025 ஆயிடும். ஜெர்மனியா இருந்தா 30-லிருந்து. டெஸ்ட்டில் ஜூன் தேதி மட்டும் போட்டா இது சிக்கவே சிக்காது. எக்செல்லும் அப்படித்தான்: வீக்நம் ஞாயிறு தொடக்கம், ஜனவரி 1 எப்பவும் வாரம் 1. ஐஎஸ்ஓ வேணும்னா ஐஎஸ்ஓவீக்நம். 2027 ஜனவரி 1-க்கு முன்னது 1, பின்னது 53.

கிழமைக்கணக்கு
அண்ணாச்சி, உங்க திங்கட்கிழமைத் தேதி நெடுவரிசையில் யாராவது செவ்வாய்த் தேதியைப் போட்டா? ஒரே வாரம் ரெண்டு வரியா உடையும். "போன வருஷம் இதே வாரம்"-னு மேலிடம் கேட்டா எதைக் கழிப்பீங்க?

அட்டவணை_அண்ணாச்சி
செவ்வாயைத் தடுக்க செக் கன்ஸ்ட்ரெயின்ட் (தப்பான மதிப்பை டேட்டாபேஸே மறுக்கற விதி) போடுங்க. போஸ்ட்கிரெஸ்ஸில் ஐஎஸ்ஓடிஓடபிள்யூ (கிழமை எண், திங்கள் 1) 1-ஆ இருக்கணும்னு ஒரு வரி. போன வருஷத்துக்கு 364 நாள், கிழமை மாறாது.

கிழமைக்கணக்கு
364 நாள் கழிச்சா 2027-இன் வாரம் 1, 2026-இன் வாரம் 2-ஓட ஜோடி சேரும். அந்த ஆண்டு முழுக்க ஒரு வாரம் தள்ளியே நிக்கும். ரிப்போர்ட்டின் தலைப்பில் "வாரம் 1"-னு இருக்கறப்ப அது தப்பு.

அட்டவணை_அண்ணாச்சி
ஒத்துக்கறேன், ஒப்பீட்டுக்கு மட்டும் வார எண் வேணும். ஆனா அதை டேபிளில் சேமிக்காம, வியூவில் (சேமிச்சு வச்ச க்வெரி) தேதியிலிருந்து கணக்குப் போட்டு எடுங்க. 2026-இன் வாரம் 53-க்கு 2025-இல் ஜோடியே இல்ல. அங்கே 0 போடாம வெறுமையா விடுங்க.